பச்சைக் கிடாரும் ஆறு மா நிலமும்

சேசு மரி சூசை துணை

கீழத்தோப்பு கிராமம்,
வலங்கைமான் வழி,
தஞ்சாவூர் ஜில்லா.
10-12-1979

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய ‘நாதக்கொடி’ மாத இதழ் ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்திற்கு, மேற்படி ஊர் ம. பெரியநாயகசாமி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி அருள்மேரியும் ஒரு பசுவும் இரண்டு கிடார்களும் இருக்கிறோம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று நேற்று சாயந்திர செபத்தில் ஒரு மங்கள வார்த்தை தங்களுக்காகவும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாத இதழில், கடைசி அட்டைக்கு முந்தின பக்கத்தில், ‘மலிவு விலை மின்சார கிடாரா, வெளிநாட்டு ஒரிஜினலா? சொந்தக்காரர்களே, உங்கள் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்டு, ஓசை, உழைப்பு, தோற்றம், திருப்தி என்று கட்டங்கள் போட்டு, ஒரு தபால் கார்டுக்கு மிகாமல் எழுதும்படி உத்தரவிட்டிருந்தீர்கள். இரண்டையும் சொந்தமாக வைத்திருப்பவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. இரண்டில் எதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் தாங்கள் சொந்தக்காரர்களைத்தானே கேட்டீர்கள், வித்துவான்களைக் கேட்கவில்லையே. கார்டில்தான் முதலில் எழுதினேன். தங்கள் விலாசமும் ‘மதிப்பிற்கும் வணக்கத்திற்கும்’ என்பதும் எழுதியதிலேயே கார்டு தீர்ந்துவிட்டது. எனக்குக் கையெழுத்துப் பெரிசு. அதனால் கவர் வாங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

என் மகன் பேர் ஜெக்கரியா. ஒரே பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தான். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கக் கற்றுக்கொண்டான். நான் பாபநாசம் மிராசுதார் குஞ்சிதபாதம் அவர்களிடம் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்து வந்தவன். அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் வீட்டில் அளந்துவிட்டு வருவது வழக்கம். மூட்டை இறக்க ஜெக்கரியாவும் வருவான். ஒருதடவை இறக்கப் போனவன் திரும்பி வரவில்லை. எங்கேடா என்று தேடிப்போனால் கூடத்து வாசலில் நின்றுகொண்டு உள்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சுவரில் தேன் நிறத்தில் ஒரு கிடார் தொங்குகிறது. மிராசுதாரின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்ததாம், ‘ஹார்லண்ட்’ என்று வெள்ளி எழுத்தில் தலையில் எழுதியிருக்கும், அவர் மறுபடி அமெரிக்கா போனபோது அதை மறந்துவிட்டுப் போய்விட்டாராம். வண்டியில் திரும்பி வரும்போது பையன் குடமுருட்டிப் பாலம் தாண்டுகிறவரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, “அப்பா, அதுல ஆறே கம்பிதாம்பா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். வாங்கிக் கொடு என்று அவன் கேட்கவே இல்லை. இது முக்கியம் ஐயா, கேட்கவே இல்லை.

கேட்காத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? கல்கத்தாவில் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டேன். பேர் வேண்டாம், நன்றாக இருக்கட்டும். தபாலில் படம் வந்தது. படத்தில் அமெரிக்கா கிடார் மாதிரியேதான் இருந்தது. விலை மட்டும்தான் வேறே. மின்சார கிடார் என்று போட்டிருந்ததால், எதற்கும் முன்னெச்சரிக்கையாக இருப்போம் என்று கரண்டு ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே, “எத்தனை குதிரைச் சக்தி?” என்று கேட்டார். “ஒரு பையன் தோளில் மாட்டிக்கொள்ளுகிற அளவுதாங்க” என்றேன். “விவசாயமா, வீட்டு உபயோகமா, வியாபாரமா?” என்றார். “கோயில் உபயோகமுங்க” என்றேன். அதற்கு ஃபாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பாபநாசம் ரயிலடியில் பார்சல் எடுத்து, சாக்கைப் பிரித்துப் பார்த்தால், பச்சை. நல்ல வாழை இலைப் பச்சை. தலையில் கம்பெனி பேர் கூட இல்லை, மொட்டையாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பையன் வெள்ளி எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன். அப்படியே நேராக வலங்கைமான் கடைத்தெருவுக்குப் போய், பெயிண்டர் லியாகத் அலியிடம் கொடுத்தேன். லியாகத் அலி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடை போர்டு, லாரி நம்பர், கல்யாண வளைவு எல்லாம் அவர் கைதான். இரண்டு கட்சிக்கும் சுவர் எழுதுவார். ஆட்சி மாறினால் பழைய எழுத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைப்பதும் அவர்தான், அதன் மேல் புதிய எழுத்து எழுதுவதும் அவர்தான். “பாய், இந்த மண்டையில ஹார்லண்டுன்னு இங்கிலீஷ்ல, வெள்ளியில, அமெரிக்காக்காரன் எழுதின மாதிரியே எழுதணும்” என்றேன். “எழுதிட்டா போச்சு” என்றார். எழுதிவிட்டார். ஐயா, அவ்வளவு லட்சணமான எழுத்து. நான் முன்பக்கம் மட்டும்தான் பார்த்தேன். இதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் வந்து, “அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்து, அங்கிருந்து வந்திருக்கிறது” என்று ஜெக்கரியாவிடம் சொன்னேன். பச்சையாக இருக்கிறதே என்று அருள்மேரி கேட்டாள். “அமெரிக்காவில் பச்சையும் அடிப்பார்கள், உனக்கென்ன தெரியும்” என்று அதட்டினேன். பையன் கிடாரை வாங்கி முன்னே பார்த்தான், பின்னே பார்த்தான். பின்னே பார்க்கும்போது தலையின் மூலையைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஒரிஜினல்தாம்பா” என்றான். மறுநாள் அந்தத் தலையின் பின்பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை ஒட்டியிருந்தான். பையனுக்கு எவ்வளவு பக்தி என்று நான் பங்குச்சாமியாரிடம் வரைக்கும் போய்ச் சொன்னேன். சாமியார் அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

இனி தாங்கள் கேட்ட ஓசை, உழைப்பு முதலானவற்றுக்கு வருகிறேன். மலிவு கிடார் ஐப்பசி அடைமழையில் கழுத்து வளைந்துவிடும், தை வெயிலில் நிமிர்ந்துகொள்ளும். ஆக ஐப்பசிக்கு ஒரு சுருதி, தைக்கு ஒரு சுருதி. கம்பிகள் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். அமுக்கி அமுக்கிப் பையனின் இடது கை விரல் நாலும் கதிர் அறுத்தவன் கை மாதிரி ஆகிவிட்டன. கரண்டு விஷயம் அதைவிட மோசம். கோயிலுக்குள் செருப்பு போடக் கூடாதல்லவா? வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று, கையில் கிடாரோடு, மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் ஷாக் அடிக்கும். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பிப்பான், ‘ஆ’விலேயே குதிப்பான். பக்திப் பரவசம் என்று முதல் வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கடைசியில் நான்தான் யோசனை செய்து, வீட்டிலிருந்து சாப்பாட்டு மணையை எடுத்துப்போய் அவன் காலடியில் போட்டேன். மரத்தின் மேல் நின்றால் ஷாக் இல்லை. ஆனால் அதன் பிறகு அவன் பாட நின்றபோதெல்லாம், “மாப்பிள்ளை மணையேறிட்டாரு” என்று ஒரு கும்பல் கேலி பண்ணிக்கொண்டிருந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கிடார் ரேடியோவும் பேசும். ஒரு ஞாயிறு காலைப் பூசையில் எழுந்தேற்றம். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார், கோயிலே மண்டியிட்டிருக்கிறது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒரு மனுஷர் கணீரென்று, “புகையான் தாக்கிய வயல்களில் தண்ணீரை வடித்துவிட்டு, எட்டடிக்கு ஓரடி பட்டம் பிரித்து, பயிரின் அடித்தூரில் படும்படியாக…” என்று சொல்கிறார். திருச்சி வானொலியின் விவசாயச் செய்தி! மண்டியிட்டிருந்த ஆம்பளைகளில் பாதிப் பேர் தலையைத் தூக்கிவிட்டார்கள். நானும்தான் தூக்கினேன், என் வயலிலும் அப்போது புகையான் பூச்சி. என்ன மருந்து அடிப்பது என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போது ஜெக்கரியா ஒயரைப் பிடுங்கிவிட்டான். அந்த மருந்தின் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படியெல்லாம் இருந்தும் பையன் நாலு வருஷம் அதைத்தான் வாசித்தான். கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தான், கல்யாணத்தில் வாசித்தான், கட்சிக் கூட்டத்தில் தலைவர் வர லேட்டாகும்போதெல்லாம் வாசித்தான். ஒருநாளும் கிடாரைக் குறை சொன்னதில்லை. அவன் அதை வாசிக்கும்போது அருள்மேரி அடுப்பை விட்டு எழுந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்து நிற்பாள். அவள் லேசில் எதற்கும் அசைகிறவள் இல்லை. அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் குத்தகைதாரர் பேரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டபோது, ஊரில் பாதிப் பேர் பயந்துகொண்டு வீட்டுக்குள் இருந்தோம். நானும் அந்தப் பாதியில்தான். மிராசுதார் முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்கு யோசனை. அருள்மேரிதான் விவசாயச் சங்கத்துப் பொம்பளைகளோடு கொடியைப் பிடித்துக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்கு நடந்தாள். மறியல் என்று பிடித்து, திருச்சி ஜெயிலில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவள் பையனைக் கட்டிக்கொண்டு, “நம்ம பேரு ஏறிடுச்சுங்க. இனிமே நம்மள யாரும் எறங்குன்னு சொல்ல முடியாது” என்றாள். ஆறு மா நிலத்துக்கு எதிரில் ‘ம. பெரியநாயகசாமி, சாகுபடிதாரர்’ என்று பதிவேட்டில் இருந்தது. பேர் என்னுடையது, நடந்த கால் அவளுடையது.

இந்த வருஷம் வைகாசியில் பூண்டி மாதா கோயிலில் ஜெக்கரியா வாசித்ததைத் திருச்சிக்காரர் ஒருவர் கேட்டார். பெரிய குழு வைத்திருப்பவர், மெட்ராசில் ரிக்கார்டிங் எல்லாம் போகிறவர். முடிந்ததும் கிட்டே வந்து, “தம்பி, ஆடி மாசம் எங்கூட மெட்ராசுக்கு வந்துடு. ஒன் கை நல்லா பேசுது. என்ன கிடார் வச்சிருக்க?” என்று கேட்டார். பையன் வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே புகுந்து, “ஹார்லண்டுங்க, அமெரிக்கா ஒரிஜினல்” என்று சொல்லிவிட்டேன். அவர் புருவம் மேலே போனது. “அப்படியா! இங்க கூட்டமா இருக்கு. வரும்போது கொண்டா, கழட்டிப் பாக்கணும்” என்றார். ஜெக்கரியா தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் என்று நினைத்தேன்.

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கழற்றிப் பார்ப்பார். கல்கத்தா சாமான் என்று தெரியும். நாலு பேர் நடுவில் என் பிள்ளையைப் பொய்யன் என்பார். அதைவிட, அப்பன் நாலு வருஷமாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று என் பிள்ளைக்கு அங்கே தெரியவரும். கடைசியில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் பாபநாசம் போய், ஆடி முடிகிறவரைக்கும் அந்தச் சுவர்க் கிடாரை இரவல் கேட்பது, கம்பெனிக்காரன் பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்தான் என்று பையனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், லியாகத் அலி சுவர் எழுதுகிற மாதிரி.

மிராசுதார் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். “உட்காருங்க பெரியநாயகசாமி” என்றார். ஐயா, இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு நெல் கொண்டுபோயிருக்கிறேன். உட்காருங்க என்று அந்த வாயிலிருந்து அன்றுதான் வந்தது, அதுவும் நாற்காலியில். நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் என் புத்தி போய்விட்டது. “இரவல் எதுக்குங்க? நீங்களே வச்சுக்கங்க. இங்க பல்லிதான் அதுக்குள்ள குடித்தனம் பண்ணுது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவருடைய காரியஸ்தர் இராஜாங்கம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “சும்மா ஒரு இதுக்கு. ஆறு மாவுல ஒங்களுக்கு இருக்கிற பாத்தியத்த மனசொப்பி விட்டுக் குடுக்குறதா ஒரு வரி. வருஷா வருஷம் தண்ணிக்கும் புகையானுக்கும் அடிச்சுக்கிட்டு எதுக்கு? பையன்தான் மெட்ராசுல பெரிய ஆளாகப்போறாரே” என்றார் இராஜாங்கம். காகிதம் முன்னாலேயே தயாராக இருந்திருக்கிறது. எத்தனை நாளாக இருந்தது என்று தெரியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். ஏற்கெனவே சொன்னேன், எனக்குக் கையெழுத்துப் பெரிசு.

மேட்டூர் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது அருள்மேரி நாற்றங்காலில் நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் நடவு. ஆள் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நான் வரப்பில் நின்றபடியே சொன்னேன். அவள் கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு, “என்னக் கேக்காம போட்டீங்களா?” என்று கேட்டாள். “பையனுக்காக…” என்று ஆரம்பித்தேன். “என்னக் கேக்கலியே” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. இன்றைக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. வேண்டியதைப் பசுவிடம் சொல்லுவாள், நான் கேட்டுக்கொள்வேன். அந்த நாற்றை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்றங்காலிலேயே முற்றி, பழுத்து, கருகிப்போயிற்று. நான் தினம் அந்த வழியாகத்தான் போய்வந்தேன்.

ஜெக்கரியா அன்று சாயந்திரம் கும்பகோணத்திலிருந்து வந்தான். கம்பெனிக்காரன் கதையைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. பார்த்ததும், “இது பாபநாசம் வீட்டு சுவத்துல இருந்ததாச்சே. என்னப்பா குடுத்தீங்க?” என்று கேட்டான். சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். “எனக்கு என் கிடாரே போதும்னு சொல்லியிருப்பேனேப்பா” என்றான். ஏதோ எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். தேன் நிறக் கிடாரை அவன் தொடவில்லை. பச்சைக் கிடாரைத் துடைத்து ஆணியில் மாட்டினான். காலையில் பட்டுக்கோட்டை பஸ் ஏறினான். இப்போது அங்கே ஒரு தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறான். நிலம் போன வீட்டுக்கு யாராவது சம்பாதிக்க வேண்டுமே. ஆடி வந்தது, போயிற்று, திருச்சிக்காரர் வேறு ஆளை அழைத்துக்கொண்டு மெட்ராஸ் போனார். நான் இரண்டு கிடாருக்கும் சொந்தக்காரன் ஆன கதை இதுதான்.

கடைசியாக ஒன்று. போன மாதப் புயல் மழையில் எங்கள் கூரை ஒழுகி, பச்சைக் கிடாரின் தலை நனைந்து, மாதா படம் ஒரு ஓரமாகப் பிரிந்து தொங்கியது. படம் கிழியாமல் எடுத்துக் காயவைப்போம் என்று மெல்ல உரித்தேன். அடியில், மூலையில், எறும்பு மாதிரி பொடி எழுத்தில், ‘லியாகத் ஆர்ட்ஸ், வலங்கைமான்’ என்று இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். “ஏன்யா பாய், அமெரிக்கா கிடார்ல வலங்கைமான்னு போடலாமா?” என்று சத்தம் போட்டேன். லியாகத் அலி ஏணியிலிருந்து இறங்கிவந்து, “என்ன பண்றதுங்க? எழுதி முடிச்சா மூலையில கை தானா கையெழுத்துப் போட்டுடுது. முன்னாடி போட்டா அசிங்கம்னு பின்னாடி போட்டேன்” என்றார். பிறகு குரலை இறக்கி, “தம்பி மறுநாளே வந்தாருங்க. எழுத்து ரொம்ப நல்லா இருக்கு பாய், நான் பாத்துட்டேன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னாரு. அந்த மாதா படம்கூட எங்கடைக்கு எதிர்த்த கடையிலதான் வாங்குனாரு” என்றார்.

எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது ஐயா. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு நாலு வருஷம் ஷாக் வாங்கினான், விரலில் வெட்டுப்பட்டான், மணைமேல் நின்று கேலி வாங்கினான், “ஒரிஜினல்தாம்பா” என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவமானம் வரக் கூடாது என்று மாதாவைக் கொண்டு மறைத்தான். நான் அவனுக்கு அவமானம் வரக் கூடாது என்று அவனுடைய அம்மா ஜெயிலுக்குப் போய் வாங்கின நிலத்தைக் கொண்டு மறைத்தேன். அந்தப் பின்பக்கத்தை ஒரே ஒருதடவை நான் திருப்பிப் பார்த்திருந்தால் இன்று என் வயலில் பயிர் நிற்கும், என் பிள்ளை மெட்ராசில் இருப்பான்.

ஆகவே சொந்தக்காரன் என்ற முறையில் என் அபிப்பிராயம் வருமாறு. அமெரிக்கா ஒரிஜினலே மேல். ஆறு மாதமாக என் வீட்டில் இருக்கிறது. ஒருதடவைகூட ஷாக் அடித்ததில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கரண்டில் சொருகவில்லை. ரேடியோ பேசியதில்லை. மழையில் கழுத்து வளையவில்லை. யார் விரலையும் வெட்டியதில்லை, தொட்டால்தானே வெட்டும். அருள்மேரி அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று பசுவிடம் சொல்லிவிட்டபடியால் மாட்டுக் கொட்டகையில் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். உழைப்புக்குக் குறைவில்லை. மலிவு கிடாரை யாரும் வாங்கி ஏமாற வேண்டாம் என்று வாசகர்களுக்குப் பெரிய எழுத்தில் போடவும். என்னுடைய பச்சைக் கிடாரை, கேட்டு எழுதும் முதல் வாசகருக்கு இனாமாகவே அனுப்பிவிடுகிறேன். அந்தப் பொடி எழுத்தை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. திருப்தி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடவும்.

தங்களுக்கும் தங்கள் வீட்டம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் அச்சுக் கோக்கிறவர்களுக்கும் வருகிற கர்த்தர் பிறப்புத் திருநாளின் சமாதானம் உண்டாவதாக. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் அவர்கள் கேட்டதையே வாங்கிக் கொடுக்கவும். கேட்காததை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், வீட்டம்மாளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

இங்ஙனம், தங்கள் தாழ்மையுள்ள சந்தாதாரரின் தகப்பன்,
ம. பெரியநாயகசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். ஜெக்கரியாவிடமிருந்து கார்டு. அவன் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: “அன்புள்ள அப்பாவுக்கு. இங்கே மண்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது. கிறிஸ்மசுக்கு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். என்னுடைய அமெரிக்கா ஒரிஜினலை, அதுதான் பச்சைக் கிடாரை, பஸ்ஸில் கொடுத்து அனுப்பவும். மாதா படம் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். பாபநாசம் வீட்டுக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள், சங்கத்து வக்கீல் இன்னும் வழி இருக்கிறது என்கிறார். அறுப்பு சமயத்தில் நான் ஊருக்கு வருவேன்.”

இதை நான் பசுவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அருள்மேரி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். பச்சைக் கிடாரைக் கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பி, அந்தப் பொடி எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். லியாகத் அலி சொன்னதெல்லாம் அவளுக்கும் தெரியும், பசுவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். பிறகு உள்ளே போய் ஒரு கரண்டி சோறு எடுத்து வந்து, என் முகத்தைப் பார்த்தே, “பருக்கைய நல்லா மசிச்சு ஒட்டுங்க. ஓரம் தூக்காம” என்றாள்.

மாதா படத்தை ஒட்டிவிட்டேன். ஓரம் தூக்கவில்லை. ஆகையால் ஐயா, மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மலிவு கிடார் என்று எதுவும் கிடையாது, யாருக்கும் இனாமாகக் கொடுப்பதற்கும் இல்லை. மண்டிக்கு எதிர் சலூனில் தங்கள் பத்திரிகை வருகிறதாம், ஜெக்கரியா மாசாமாசம் அங்கே போய்ப் படிக்கிறானாம், கார்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.